கைதூக்கி அக்காவும் கருகிய பாணும்

முட்டாள்தனத்திலிருந்து ஓய்வு பெற வயதெல்லை கிடையாது என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். ஆசிரியத் தொழிலிலிருந்து மாலை போட்டு வழியனுப்பிவிட்டார்கள். மற்றதில் இன்றைக்கும் முழுநேரச் சேவை. அதில் என் உச்ச சாதனை, எங்கள் வீதியின் காலைப் பாணையும் அந்தப் பேக்கரி ரொட்டியைப் போடுகிற ஒன்பது பேருடைய பிழைப்பையும் ஒரே ஒரு கட்டுரையால் கவிழ்க்கப் பார்த்தது. திட்டி எழுதியிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் புகழ்ந்து எழுதினேன். புகழ்ந்தே ஆட்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தவன் மட்டக்களப்பில் நான் ஒருவன்தான்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் கைதூக்கி அக்கா. வாவியின் இந்தக் கரையிலும் தேடுங்கள், அந்தப் படுவான்கரையிலும் போய்த் தேடுங்கள், அவரைப்போல் கோபப்படத் தெரிந்த இன்னொருவரைக் காணமாட்டீர்கள். மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். அக்காவிடம் அது வந்து, இடம் பிடித்திருந்ததால் போகவில்லை. பாணைக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கும்போதுகூட அந்தக் கடதாசிக்கு ஒரு முறைப்பு விழும். அவரைவிட நான் நாலு வயது மூத்தவன். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். பயம்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மா இல்லை, டீசல் இல்லை, சமையல் வாயு இல்லை என்று நாடே வரிசையில் நின்ற வருடம். எங்கள் வீதியில் இருந்த பேக்கரியின் முதலாளி ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். விடிய வேலைக்கு வந்த ஒன்பது பேரும் பூட்டைப் பார்த்தபடி நின்றார்கள். அக்கா அங்கே பதினெட்டு வருடம் பாண் சுற்றியவர். மற்றவர்கள் அழுவதா, சாபம் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்க அவர் படியில் ஏறினார்.

"முதலாளி போனா போகட்டும். பாண் போடத் தெரிஞ்ச நாம இஞ்சதானே இரிக்கம்? நாமளே போடுவம். விருப்பமான ஆக்கள் கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை. அக்கா தன் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ரெண்டு வாக்கு. தீர்மானம் நிறைவேறிற்று."

காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருகிற போறணை நானா மட்டும் மெல்ல வாயைத் திறந்தார். போறணை என்றால் பாண் வேகிற பெரிய அடுப்பு. அதன் முன்னால் முப்பது வருடம் நின்று புருவத்தை இழந்தவர் அவர். "தங்கச்சி, ஒரு ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு. மத்தக் கைய இறக்குங்க. எண்ட கைய நான் தூக்கிறன்." அக்கா ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து வாக்கெடுப்பு நேரத்தில் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார், அது தன்பாட்டில் எழும்பிவிடக்கூடாதென்று.

இடம் வேண்டுமே. வாவிக்கரையில் பழைய சங்கக்கடை இருந்தது. ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கம் அரிசியும் சீனியும் விற்ற கட்டடம். பிறகு மூடப்பட்டு, வௌவால்களின் ஏகபோகத்துக்குப் போயிருந்தது. கட்டடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் போய் அக்கா கத்திய கத்தில் அவர்கள் ஒரு தற்காலிக அனுமதிக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பேரும் வௌவால் எச்சத்தைச் சாக்குச் சாக்காக அள்ளினார்கள். நானா செங்கல்லும் களிமண்ணுமாக ஒரு விறகுப் போறணை கட்டினார். படுவான்கரையிலிருந்து உழவு இயந்திரத்தில் விறகு வந்தது. எல்லோரும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் வீதியில் பாண் வாசம் வந்தது. எனக்கு அன்றைக்குக் கண் கலங்கியது. புகை என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

அங்கே முதலாளி கிடையாது. ஒன்பது பேரும் சொந்தக்காரர்கள். முதலாளி என்ற சொல்லைக் கேட்டாலே அக்காவுக்கு ஆகாது. யாராவது பழக்கதோசத்தில் "முதலாளியம்மா, ரெண்டு றாத்தல் பாண் தாங்க" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"முதலாளி கொழும்பில. அங்க போய் வாங்குங்க."

விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். ஒருவர் உண்மையிலேயே வெறுங்கையோடு திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அந்த ஒருவர் நான்தான்.

எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. தேநீருக்குச் சீனி போடுவதா, வாக்கு. ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பணிஸ் போடுவதா, வாக்கு. பாணுக்குக் காவலாக வந்து சேர்ந்த பூனையை வைத்திருப்பதா, வாக்கு. பூனை ஐந்துக்கு நாலு என்று வென்றது. தோற்ற நால்வரையும் அது இன்றுவரை மதிப்பதில்லை. வாக்கெடுப்பு என்று அக்கா சொல்லிவிட்டால் மா குழைக்கிற கையும் நிற்கவேண்டும், விறகு தள்ளுகிற கையும் நிற்கவேண்டும். வேலை செய்துகொண்டே தூக்கிய கை செல்லாது. இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீதி முழுக்க ஓடிவந்தது இதனால்தான்.

உதவி செய்ய ஒரு நிறுவனமும் வந்தது. உதவிக்கு முன்னால் பெயர்ப் பலகை வந்தது. ஆளுயரத் தகரம், அதில் 'வலுவூட்டல்' என்று எழுதி, சிரிக்கிற பெண்ணொருத்தியின் படம். பலகையோடு பத்துப் பேர் நின்று படம் எடுத்தார்கள். அக்காவிடம் ஒரு பாணைக் கொடுத்து, சிரிக்கச் சொன்னார்கள். அவர் சிரித்ததைப் பார்த்துப் படம் எடுத்தவர் இரண்டடி பின்னால் போனார். அதன் பிறகு அந்த நிறுவனத்தை யாரும் காணவில்லை. மூன்று மாதம் காத்திருந்துவிட்டு, வாக்கெடுத்து, பலகையைப் போறணைக்குக் கதவாகப் போட்டார்கள். இப்போதும் சிரிக்கிற பெண் உள்பக்கம் பார்த்தபடி வேகிறாள். எழுத்து எரிந்துபோய்விட்டது. தகரம் நல்ல தகரம்.

பாண் மட்டும் போட்டால் போதுமா? வாங்க ஆள் வேண்டுமே. பக்கத்துப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலைக்குப் பாண் எங்கேயோ தொலைவிலிருந்து வான் வண்டியில் வந்துகொண்டிருந்தது. அக்கா அதிபரின் அறைக்குப் போனார். அதிபர் என்னிடம் படித்தவர், நல்ல மனிதர், படிவங்களில் நம்பிக்கை உள்ளவர்.

"எங்கட புள்ளைகள் உங்கட பள்ளிக்கூடத்தில. உங்கட பாண் எங்க இருந்து வருது?"

"அதுக்கு முறைப்படி விலை கேட்டுக் கேள்விப்பத்திரம் கோரவேணும் அக்கா."

"அப்ப கோருங்க. நான் இரிக்கன்."

இருந்தார். மணி அடித்தது, இடைவேளை வந்தது, பள்ளிக்கூடம் விட்டது, அக்கா இருந்தார். அடுத்த கிழமை பள்ளிக்கூடம் எங்கள் போறணைப் பாணை எடுத்தது. பிறகு பாலர் பாடசாலை. பிறகு ஆசுபத்திரிச் சிற்றுண்டிச்சாலை. அங்கே அவர் வெறுமனே வாசலில் நின்றாராம், போதுமாயிருந்தது. பாண் வாங்க ஆள் வந்ததும் பாணுக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வந்தது. மூடிக் கிடந்த சலூன் திறந்தது. சங்கக்கடையின் பின்னறையில் குவைத்திலிருந்து திரும்பிய நாலு பெண்கள் தையல் மெசின்களைப் போட்டார்கள்; அவர்களுக்கும் அக்கா கைதூக்கும் சட்டத்தைப் படிப்பித்துவிட்டார். ஆறு மணிக்கே இருண்டு கிடந்த வீதியில் ஆட்கள் நின்று கதைக்கத் தொடங்கினார்கள். அபிவிருத்தி என்று ஒலிபெருக்கியில் கத்திவிட்டுப் போனவர்கள் செய்யாததை ஒன்பது பேர் மாவும் விறகும் வைத்துச் செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் பேனாவை எடுத்தேன்.

ஒரு வார இதழுக்கு எழுதினேன். கதை உயரவேண்டுமென்றால் பள்ளம் ஆழமாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு இலக்கியக் கொள்கை. எனவே கட்டுரையின் முதற் பாதியில் சங்கக்கடையை இடிபாடாக்கினேன். 'மனிதக் காலடி படாத பாழ்மண்டபம்' என்றேன். 'வௌவால்களும் பேய்களும் மட்டுமே குடியிருக்கும் கட்டடம்' என்றேன். பேய்கள் என் சொந்தச் சரக்கு. இரண்டாம் பாதியில்தான் ஒன்பது பேரும் பாணும் அக்காவும் வந்தார்கள். அச்சில் பார்த்தபோது என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு முற்பகல், அக்கா என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார். முழங்கைவரை மா. கையில் ஒரு கடிதம், அதோடு இணைத்த ஒரு பத்திரிகைத் துண்டு.

"சேர், இது உங்கட எழுத்தா?"

"ஓம் அக்கா." பெருமையாகத்தான் சொன்னேன். "எப்படி, நல்லா வந்திருக்கா?"

"வாசிங்க."

வாசித்தேன். வாவிக்கரையில் பாவனையற்று, யாரும் பயன்படுத்தாமல், கிடக்கும் சங்கக்கடைக் கட்டடத்தை உல்லாசப் பயணிகளுக்கான உணவகம் அமைக்கத் தருமாறு ஒரு வணிகர் விண்ணப்பித்திருக்கிறார். பரிசோதனைக்கு உத்தியோகத்தர் வருவார். பாவனையில் இல்லை என்று கண்டால் தற்காலிக அனுமதி ரத்து. இணைப்பு ஒன்று: பத்திரிகைக் கட்டுரை. என் கட்டுரை. முதற் பாதி மட்டும். பாண் வருவதற்கு ஒரு வரி முன்னால், கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள்.

"மத்தப் பாதி எங்க?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கன். மத்தப் பாதி எங்க?"

"வெட்டிப்போட்டாங்க அக்கா."

"வெட்ட ஏலுமான மாதிரி ஏன் எழுதினீங்க?"

நாற்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். எழுவாய் பயனிலை தெரியும், அணி தெரியும், யாப்பு தெரியும். வெட்டமுடியாதபடி எழுதுவது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்கவில்லை. எனக்கும் கோபம் வந்தது. கத்தரிக்கோல்காரன் மேல் வந்தது. காலையில் பாண் வாங்குகிற வீதியில் இருந்துகொண்டே 'பாவனையற்ற' என்று தட்டச்சு செய்த கையின் மேல் வந்தது. எல்லாவற்றையும் விட, இல்லாத பேய்களைக் குடியேற்றிய என் கையின் மேல் வந்தது.

பரிசோதனை நாள். காலை பத்து மணி. இரண்டாவது முறைப் பாண் போறணைக்குள் வெந்துகொண்டிருந்தது. உத்தியோகத்தர் கோப்போடு வந்தார். கூடவே விண்ணப்பித்த வணிகர், வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக. நான் மூலையில், மா மூட்டைக்குப் பக்கத்தில், இன்னொரு மூட்டைபோல் நின்றேன்.

"இதுக்குப் பொறுப்பு யார்?" என்றார் உத்தியோகத்தர்.

"நான்" என்று ஒன்பது பேர் சொன்னார்கள்.

"அப்படி எழுத ஏலாது. ஒரு ஆள்தான் இதில கையொப்பம் வைக்கலாம். ஒரு கோடுதான் இரிக்கு."

அக்கா இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார். "அப்ப வாக்கெடுக்கவேணும்."

நானா பதறிவிட்டார். "தங்கச்சி, பாண் உள்ளுக்க இரிக்கி. ரெண்டு நிமிசம் பொறுங்க."

"சட்டம் சட்டம்தான் நானா. துடுப்ப வையுங்க."

பாணை எடுக்கிற நீண்ட மரத் துடுப்பைக் கீழே வைத்தார் நானா. எட்டுப் பேர் அவருக்கே கை தூக்கினார்கள். அவர் மறுத்து அக்காவைச் சொன்னார். அக்கா மறுத்தார். "இண்டைக்குத் தனிய கையொப்பம் வைக்கிற ஆள் நாளைக்கு முதலாளி. எனக்கு வேணாம்." அப்படியென்றால் ஒன்பது பேரும் அந்த ஒரு கோட்டிலேயே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஒரு வாக்கெடுப்பு. உத்தியோகத்தர் பேனாவை மூடித் திறந்து மூடினார். இதற்கிடையில் வெள்ளைச் சேட்டுக்காரர் வாவிப் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்து, உத்தியோகத்தரிடம் சற்று உரக்கச் சொல்லிவிட்டார்: "இதை இடிச்சுக் கண்ணாடி போட்டா, சூரியன் வாவிக்க இறங்கிறது அப்படியே தெரியும்."

வாக்கெடுப்பு நின்றது. அக்கா திரும்பினார்.

"தம்பி, இஞ்ச வௌவால் எச்சம் அள்ளக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க? அப்ப இந்த வாவி இஞ்ச இருக்கல்லையா? கூரை ஒழுகக்குள்ள சூரியன் வேற எங்கயாவது இறங்கினதா? பதினெட்டு வருசம் ஒருத்தன்ட போறணைக்குப் பக்கத்தில நிண்டு வெந்தம், அவன் பூட்டிப்போட்டுப் போனான். ஒருத்தரும் கடிதம் அனுப்பல்ல. ஒருத்தரும் பரிசோதிக்க வரல்ல. நாங்க கூட்டித் துடைச்சு, பாண் வாசம் வந்தாப்பிறகுதானே உங்க எல்லாருக்கும் வாவி கண்ணில தெரியுது? போங்க தம்பி. பாவனையில்லாத கட்டடம் ஊருக்க எவ்வளவோ கிடக்கு. பாவிச்சுப் பாருங்க. மறுகா தெரியும் எப்படி நாறும் எண்டு."

இதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. நான் அதைக் கேட்டேன். வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் நானா அலறினார்: "யா அல்லாஹ், பாண்!"

தகரக் கதவைத் திறந்ததும் புகை ஒரு யானைபோல் வெளியே வந்தது. கூரை ஓடுகளுக்கிடையால் கறுப்பாக எழும்பியது. வீதி அதைப் பார்த்தது. அடுத்த நிமிடம், நான் சத்தியமாகச் சொல்கிறேன், வீதி உள்ளே வந்தது. தேநீர்க் கடைக்காரர் கொதிக்கிற கேத்திலோடு வந்தார். பின்னறைப் பெண்கள் ஈரத் துணிகளோடு வந்தார்கள். வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்த இருவர் தோணித் தண்ணீர் இறைக்கிற தகரத்தோடு வந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் தீயணைக்கும் வாளியோடு வந்தார். அதில் மணல் இல்லை, ஆனாலும் வந்தார். சலூனிலிருந்து ஒருவர் கழுத்தில் துணியோடு, பாதி மழித்த முகத்தோடு ஓடிவந்து உத்தியோகத்தர் மேல் மோதினார்.

கண்ணில் தண்ணீர் வழிய உத்தியோகத்தர் கேட்டார்: "நீங்க ஆர்? இஞ்ச வேலையா?"

"இல்ல. நாளைக்குப் பாண் வேணுமே!" என்றார் பாதி முகத்துக்காரர்.

உத்தியோகத்தர் சுற்றிப் பார்த்தார். ஐம்பது பேராவது இருக்கும். ஒருவருமே பேய் இல்லை. இருமிக்கொண்டே கோப்பைத் திறந்து, 'பாவனையற்ற' என்ற சொல்லில் கடைசிப் பகுதியை வெட்டினார். அந்த ஒரு கோட்டில் ஒன்பது கையொப்பங்கள் ஏறின. கடைசிக் கையொப்பம் விளிம்பைத் தாண்டி மேசையில் முடிந்தது. வெள்ளைச் சேட்டு சாம்பல் சேட்டாகி வாகனத்தில் ஏறியது.

வெற்றி என்று நான் துள்ளினேன். அக்கா கருகிய பாண்களைப் பார்த்தபடி நின்றார். "ஒரு வருசம்தான் தந்திரிக்கானுகள் சேர். இனி வருசா வருசம் நாம இருக்கிறத நாமளே காட்டவேணும்." அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விசயம். பாழாய்ப்போன கட்டடத்தைப் பாழாக விட்டவர்களிடம் யாரும் ஒரு காகிதம் கேட்கவில்லை. பாண் போடுகிறவர்கள் புகை விட்டுத்தான் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்கவேண்டியிருந்தது.

அன்று மாலை, போறணை காலியான பிறகு, இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று: பாண் உள்ளே இருக்கும்போது வாக்கெடுப்பு இல்லை. மற்றது: எனக்கு ஒரு மாதம் பாண் இல்லை. ஒன்பதுக்கு ஒன்பது. நானாவும் கை தூக்கினார், பூனை நடுநிலை.

தடை எனக்கு மட்டும்தான், வீட்டுக்கு அல்ல. என் மனைவி தினமும் போய்ச் சூடான பாண் வாங்கி வந்து, தேங்காய்ச் சம்பலோடு என் முன்னாலேயே இருந்து சாப்பிட்டாள். ஒரு துண்டு கேட்டேன்.

"ஒன்பது பேர் எடுத்த தீர்மானத்த நான் மீற ஏலாது" என்றாள். நான் பிசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்துத் தின்றேன். பாதி கோப்பைக்குள் விழுந்தது.

தண்டனை முடிந்தது. வருடமும் முடியப்போகிறது. அடுத்த பரிசோதனைக் கடிதம் போன கிழமை வந்துவிட்டது. அதே இணைப்பு, அதே கத்தரிக்கோல். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த முறை எங்கே வெட்டினாலும் வெட்டுகிற துண்டில் பாண் இருக்கும்படி பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். கத்தரிக்கோல்காரர்கள் முயன்று பார்க்கலாம்.

எழுதியதை எடுத்துக்கொண்டு இன்று காலை சங்கக்கடைக்குப் போனேன். அக்கா மா குழைத்தபடி முழுவதையும் கேட்டார். கோபப்படத் தெரிந்தவர் என்ற இடத்தில் மறுப்பில்லை. பேய்கள் வந்த இடத்தில் மட்டும் என்னை ஒருமுறை பார்த்தார். வாசித்து முடித்ததும் கையைத் துடைத்துவிட்டு, தட்டில் நடு வரிசையிலிருந்து ஒரு பாணை எடுத்துச் சுற்றினார். நடு வரிசைப் பாணுக்கு நாலு பக்கமும் மெத்தென்றிருக்கும், ஓரம் கடிக்கவேண்டியதில்லை. எனக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை என்பதை நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப என்னில இருந்த கோவம் போயிற்றா அக்கா?"

"கோவம் வேற, பாண் வேற."